பழசாகவே பிறக்கும் கிடார்கள்

கணக்குப் பதிவியல் படித்த எல்லோருக்கும் தேய்மானம் என்ற சொல் தெரிந்திருக்கும். ஒரு இயந்திரத்தை வாங்கிய நாளிலிருந்து அதன் மதிப்பு வருடா வருடம் குறையும். குறைவதைச் செலவாக எழுத வேண்டும். கடைசியில் மிஞ்சுவது ஸ்கிராப் மதிப்பு மட்டும். பி.காம். முதல் வருடத்திலேயே மண்டையில் ஏற்றிவிடும் பாடம் இது.

இந்தப் பாடத்துக்கு அடங்காத ஒரு பொருள் இருக்கிறது. எலெக்ட்ரிக் கிடார்! அதுவும் 1950, 60களில் செய்த அமெரிக்க கிடார். அதன் பெயிண்ட் மஞ்சளித்துப் போனால் ரசிக்கிறார்கள், வெடிப்பு விட்டிருந்தால் தடவிப் பார்த்து மகிழ்கிறார்கள். அதைவிட வேடிக்கை, புத்தம் புதிய கிடாரைத் தொழிற்சாலையிலேயே சுரண்டி, கீறி, துருவேற்றி, "பழசாக்கியதற்கு" என்று கூடுதலாகக் காசு வாங்கி விற்கிறார்கள். வாங்குகிறவர்களும் விஷயம் தெரிந்தேதான் வாங்குகிறார்கள். யாரும் ஏமாறவில்லை. (உண்மையிலேயே யாரும் ஏமாறவில்லையா என்பதைக் கொஞ்சம் தள்ளிப் பார்ப்போம்.)

இந்தக் கூத்து எங்கே ஆரம்பித்தது என்று தேடிப் போனால், கிடாரை விட்டுவிட்டுப் பெயிண்ட் டப்பாவுக்குள் போக வேண்டியிருக்கிறது.

1846ல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் ஷோன்பைன் என்ற வேதியியல் பேராசிரியர், பஞ்சை நைட்ரிக் அமிலத்திலும் கந்தக அமிலத்திலும் தோய்த்தால் அது வெடிமருந்தாக மாறுவதை உலகுக்கு அறிவித்தார். அதுதான் நைட்ரோசெல்லுலோஸ். பீரங்கிக்குப் போன அதே சரக்கு, கொஞ்சம் வீரியம் குறைத்துச் செய்தபோது வேறு வேறு அவதாரம் எடுத்தது. கற்பூரம் சேர்த்தால் செல்லுலாய்டு. அதைப் படச்சுருள் ஆக்கினால் சினிமா. தென்னிந்தியாவின் முதல் கதைப்படமான நடராஜ முதலியாரின் 'கீசக வதம்' இன்று ஒரு அடி கூட மிஞ்சவில்லை. அந்தக் காலத்துப் படங்கள் ஓடிய நைட்ரேட் சுருள் தானாகவே மக்கும், சுலபமாகத் தீப்பிடிக்கும். உலகம் முழுக்கவே மௌனப் படங்களில் பெரும்பகுதி இப்படித்தான் போயின.

அதே நைட்ரோசெல்லுலோஸைக் கரைப்பானில் கரைத்துத் தெளித்தால் லாக்கர் பெயிண்ட். 1920களில் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனம் இதை 'டூகோ' என்ற பெயரில் கொண்டுவந்தது. அதற்கு முன் ஒரு காருக்கு எண்ணெய் வார்னிஷ் அடித்துக் காய வைக்க வாரக்கணக்கில் ஆகும். டூகோ வந்த பிறகு மணிக்கணக்கில் காய்ந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் கார்கள் கலர் கலராக வரத் தொடங்கியதற்கு இந்த டப்பாதான் காரணம். நம்மூர்ப் பட்டறைகளில் இன்றும் பீரோவுக்கும் கதவுக்கும் 'டூகோ அடிக்கிறது' என்று சொல்வார்கள் இல்லையா? அந்த டூகோ இந்த டூகோவேதான்!

இப்போது கிடாருக்கு வருவோம்.

கலிஃபோர்னியாவில் ஃபுல்லர்டன் என்ற ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர் லியோ ஃபெண்டர். அவருக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது. ஆனால் எந்தப் பொருளையும் கழற்றி மாட்டுகிற மாதிரி எப்படிச் செய்வது என்று தெரியும். வயலின் மாதிரி குடைந்து, வளைத்து, ஒட்டிச் செய்கிற வேலையெல்லாம் அவரிடம் இல்லை. ஒரு மரப்பலகை, அதில் நான்கு திருகாணி போட்டு மாட்டிய கழுத்து, ஒரு பிக்கப். 1950ல் வந்து 1951ல் 'டெலிகாஸ்டர்' என்று பெயர் பெற்ற கிடாரும், 1954ல் வந்த 'ஸ்ட்ராடோகாஸ்டரும்' இப்படிப் பிறந்தவை. மேஜை நாற்காலி செய்கிற முறையில் கிடார் செய்தவர், அதற்குக் கார் பெயிண்ட் அடித்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஃபெண்டரின் 'ஃபியஸ்டா ரெட்' ஃபோர்டு தண்டர்பேர்ட் காரில் இருந்த சிவப்பு. 'சோனிக் ப்ளூ' காடிலாக் காரின் நீலம். வழக்கமான நிறம் வேண்டாம், கார் கலர்தான் வேண்டும் என்று கேட்டால் விலையில் 5 சதவீதம் கூடுதல். இன்று அந்த 5 சதவீதத்துக்காக ஏலத்தில் அடித்துக்கொள்கிறார்கள்.

இந்த லாக்கருக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. பாலியெஸ்டர் மாதிரி பெயிண்டுகள் காயும்போது வேதிவினை நடந்து இறுகிவிடும். பிறகு கரைப்பான் ஊற்றினாலும் லேசில் அசையாது. லாக்கர் அப்படி இறுகுவதில்லை. கரைப்பான் ஆவியாகிப் போகிறது, அவ்வளவுதான். மேலே மறுபடி அடித்தால் புதுப் பூச்சு பழைய பூச்சைக் கரைத்து அதனோடு ஒன்றாகிவிடும். அதனால் ஒட்டுப்போடுவது சுலபம். ஆனால் அது ஒருபோதும் நிலைகொள்வதும் இல்லை. வளைந்து கொடுப்பதற்காகக் கலந்திருக்கும் பொருள் வருடக்கணக்கில் கசிந்து போய்க்கொண்டே இருக்கும். பூச்சு சுருங்கி மெலியும், வெளிச்சம் பட்டு மஞ்சளாகும், வெள்ளை கிடார் வெண்ணெய் நிறமாகும், நீலம் பச்சை சாயும். குளிரில் கிடந்த கிடாரைச் சட்டென்று சூடான அறைக்குள் கொண்டுபோனால், மரம் ஒரு பக்கம் இழுக்க, பெயிண்ட் ஒரு பக்கம் இழுக்க, சிலந்தி வலை மாதிரி முடிவெடிப்புகள் ஓடும். கை உராயும் இடத்தில் தேய்ந்து மரமே தெரியும். மொத்தத்தில், நைட்ரோ லாக்கர் என்பது தன் மேல் நடந்ததையெல்லாம் பதிவு செய்துகொள்ளும் ஒரு பேரேடு.

1965 ஜனவரியில் லியோ ஃபெண்டர் தன் கம்பெனியை சி.பி.எஸ். என்ற ஒலிபரப்பு நிறுவனத்துக்கு 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு விற்றார். 1968 வாக்கில் புது முதலாளிகள் கிடார் உடம்புக்குத் தடிமனான பாலியெஸ்டர் அடிக்க ஆரம்பித்தார்கள். வியாபாரக் கணக்கில் சரியான முடிவுதான். சீக்கிரம் இறுகும், கீறாது, நிறம் மாறாது, வாரன்டி தொல்லை இல்லை. ஆனால் கிடாரிஸ்டுகளுக்குப் பிடிக்கவில்லை. கண்ணாடித்தாள் சுற்றிய மாதிரி இருக்கிறது என்றார்கள். தரமும் பொதுவாகச் சரிந்துகொண்டே போக, 'சி.பி.எஸ்.ஸுக்கு முந்தையது' என்பதே ஒரு அந்தஸ்தாகிவிட்டது. ஜார்ஜ் க்ரூன் 1970ல் நாஷ்வில்லில் கடை திறந்தது போல, பழைய கிடார் விற்பதற்கென்றே கடைகள் வந்தன.

இந்த இடத்தில் ஒரு பெரிய சோகம் நடந்தது. அந்த வருடங்களில் கிடாரின் பெயிண்டை மொத்தமாக உரித்து மரத்தைக் காட்டுவது ஃபேஷன். 1968ல் பீட்டில்ஸின் ஜான் லெனானும் ஜார்ஜ் ஹாரிசனும் தங்கள் எபிஃபோன் கசினோ கிடார்களை உரித்தார்கள். மரம் மூச்சு விடுகிறது, ஒலி மேம்படுகிறது என்று நம்பினார்கள். அவர்கள் செய்தால் ஊரே செய்யும் அல்லவா? எத்தனையோ இளைஞர்கள் நல்ல ஒரிஜினல் பெயிண்டை உப்புத்தாளால் தேய்த்துத் தள்ளினார்கள். இங்கிலாந்தில் அதற்கும் முன்பே இன்னொரு கதை. ஹாங்க் மார்வின் 1959ல் சிவப்பு ஸ்ட்ராட் வாசிக்கப் போய், எல்லோரும் சிவப்புதான் வேண்டும் என்று நிற்க, அங்கிருந்த விநியோகஸ்தர்கள் வேறு நிற கிடார்கள் மேல் சிவப்பை அடித்து விற்றார்கள்.

விளைவு? பழைய கிடார் சந்தையில் எழுதாத விதி ஒன்று உருவானது. மறுபூச்சு செய்த கிடாருக்கு ஒரிஜினல் பூச்சுள்ளதன் விலையில் ஏறத்தாழ பாதிதான். மரம் அதே, பிக்கப் அதே, ஒலி அதே. ஒரு மில்லிமீட்டர் கூட தடிமன் இல்லாத பெயிண்ட் மட்டும் இல்லை, அதற்குப் பாதி விலை! அதனால் நல்ல மெக்கானிக்கிடம் ஒரு 1962 ஸ்ட்ராட்டைக் கொண்டுபோய் "பெயிண்ட் அசிங்கமாக இருக்கிறது, புதுசாக அடித்துக் கொடுங்கள்" என்றால் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிடுவார். சீரமைப்பில் முதல் பாடம், கையை வைக்காமல் இருப்பதுதான். பெயர்ந்து விழப்போகும் துண்டுக்கு ஒரு சொட்டு லாக்கர் விட்டு ஒட்டலாம். தேய்ந்த ஃப்ரெட்களை மாற்றலாம். மற்றபடி விட்டுவிட வேண்டும்.

ஆனால் ஏற்கெனவே உரித்துவிட்ட கிடாரை என்ன செய்வது? அதற்கு இழந்த முதுமையைத் திருப்பித் தரலாம் என்ற எண்ணம் பழுது பார்க்கும் பட்டறைகளில்தான் தோன்றியது. பின்னால் வந்த பெரிய வியாபாரத்துக்கெல்லாம் விதை அங்கேதான். வேலை இப்படிப் போகும். யாரோ அடித்த பெயிண்டைச் சூடு காட்டியோ ரசாயனம் தடவியோ உரிப்பார்கள். இங்கே அவசரப்பட்டு உப்புத்தாள் போட்டால் விளிம்பின் வளைவு போய்விடும், கிடாரின் முகமே மாறிவிடும். ஆஷ் மரமாக இருந்தால் நார்க்குழிகளைப் பட்டி போட்டு அடைக்க வேண்டும். ஆல்டர் மரத்துக்கு அவ்வளவு தேவையில்லை. பிறகு சீலர், அதன் மேல் நிறம், அதன் மேல் நிறமற்ற லாக்கர், எல்லாமே மெல்லிசாக. வாரக்கணக்கில் காய வைத்துத் தேய்த்து மெருகேற்றினால் பளபளவென்று புதுக் கிடார் தயார்.

இனிமேல்தான் அதைக் கெடுக்கும் வேலை! ஃப்ரீசரில் வைத்து எடுத்துச் சூடு காட்டினால் வெடிப்பு விடும். கிப்சன் கிடார்களைப் பழசாக்குவதில் பேர் பெற்ற டாம் மர்ஃபி, சவர பிளேடால் ஒவ்வொரு வெடிப்பாகக் கையால் கீறுவார். உலோகப் பாகங்களை அமில ஆவியில் காட்டினால் பளபளப்பு செத்துவிடும். வெள்ளை பிளாஸ்டிக் குமிழ்களுக்கு டீயோ காபியோ போதும். :) பிறகு தேய்மானம். இதில்தான் கைதேர்ந்தவன் யார், கத்துக்குட்டி யார் என்று தெரியும். கத்துக்குட்டி கண்ட இடத்தில் எல்லாம் சுரண்டுவான். உண்மையான தேய்மானத்துக்குக் காரணம் இருக்கும். முன்கை சாயும் மேல் விளிம்பு, பெல்ட் பக்கிள் உரசும் முதுகு, கட்டைவிரல் சறுக்கும் கழுத்தின் பின்பக்கம், ஸ்டாண்டிலோ சுவரிலோ மோதும் மூலைகள். ஒருவர் முப்பது வருடம் எப்படி உட்கார்ந்தார், எப்படி நின்றார் என்று யோசித்துச் செய்ய வேண்டிய வேலை அது.

1987ல் ஃபெண்டர் 'கஸ்டம் ஷாப்' என்று தனிப் பட்டறை தொடங்கியது. (அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1985ல், ஊழியர்களே சேர்ந்து கம்பெனியை சி.பி.எஸ்.ஸிடமிருந்து மீட்டிருந்தார்கள். பில் ஷுல்ட்ஸ் தலைமையில் நடந்த அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.) ரோலிங் ஸ்டோன்ஸின் கீத் ரிச்சர்ட்ஸ், தனக்குச் செய்து கொடுத்த நகல்கள் ரொம்பப் புதுசாக இருக்கின்றன, கொஞ்சம் அடித்து நொறுக்கிக் கொண்டு வாருங்கள் என்று சொன்னதாக ஒரு கதை அந்த வட்டாரத்தில் உலவுகிறது. கஸ்டம் ஷாப்பில் இருந்த ஜே. டபிள்யூ. பிளாக்கும், மிசௌரி மாநிலத்தில் இருந்த வின்ஸ் கனெட்டோவும் இந்த யோசனையை எடுத்துக்கொண்டார்கள். 1995 ஜனவரியில் கலிஃபோர்னியாவில் நடந்த நாம் இசைக்கருவி வர்த்தகக் கண்காட்சியில், பழசாக்கிய இரண்டு மாதிரிகளை வைத்தார்கள். பார்க்க வந்தவர்கள் அவற்றை 1950களின் அசல் கிடார்கள், சும்மா காட்சிக்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக் கடந்து போனார்களாம். விற்பனைக்கு என்று தெரிந்ததும் ஆர்டர்கள் குவிந்தன. 'ரெலிக்' என்ற பெயர் அப்போது வந்தது. புனிதர்களின் எலும்பு, அங்கி போன்ற திருப்பண்டங்களைக் குறிக்கும் சொல் அது. விளம்பரத் துறையில் இருந்தவர்களுக்கு வணிகம் நன்றாகவே தெரிந்திருக்கிறது!

1999 வரை கனெட்டோவின் பட்டறையில்தான் உடம்பும் கழுத்தும் பூச்சுப் பெற்று முதுமையடைந்தன. அதன்பின் ஃபெண்டர் வேலையைத் தன் கூரைக்குள்ளேயே கொண்டுவந்தது. எவ்வளவு பழசு வேண்டும் என்று தரம் பிரித்தும் விற்றார்கள். கடையில் விற்காமல் கிடந்தது போல ஒன்று, அலமாரிக்குள் பூட்டி வைத்தது போல ஒன்று, மேடை மேடையாக அடிபட்டது போல ஒன்று.

அடுத்த கட்டம், குறிப்பிட்ட ஒருவரின் கிடாரை அப்படியே நகலெடுப்பது. எரிக் கிளாப்டனின் 'பிளாக்கி' நல்ல உதாரணம். 1970ல் நாஷ்வில்லில் அவர் ஆறு பழைய ஸ்ட்ராட்களை வாங்கினார். மூன்றை நண்பர்களுக்குக் கொடுத்துவிட்டு, மீதி மூன்றிலிருந்த நல்ல பாகங்களைச் சேர்த்து ஒரு கருப்பு கிடார் ஆக்கினார். அதாவது அந்தப் புகழ்பெற்ற கிடாரே ஒரு ஒட்டுவேலை. 2004 ஜூனில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் கிடார் சென்டர் என்ற கடைத் தொடர் அதை 9,59,500 டாலருக்கு வாங்கியது. 2006 நவம்பரில் அதன் 275 நகல்கள் வெளிவந்தன. ஒன்று 24,000 டாலர். கிளாப்டன் சிகரெட் செருகி வைத்துச் சுட்ட தடம் வரை நகலில் இருந்தது. கால்குலேட்டர் எடுங்கள், 275 பெருக்கல் 24,000, மொத்தம் 66 லட்சம் டாலர். செலவெல்லாம் கழித்துத்தான் லாபம் என்றாலும், ஏல விலையை விளம்பரச் செலவாக எழுதினால் கூடத் தப்பில்லை போலிருக்கிறது.

இப்போது அந்த ஏமாறுகிற விஷயத்துக்கு வருவோம். 1970ல் ஜார்ஜ் அகர்லாஃப் என்ற பொருளியலாளர் பழைய கார் சந்தையை வைத்து ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். விற்பவனுக்குத் தெரிந்த குறை வாங்குபவனுக்குத் தெரியாத சந்தையில், வாங்குபவன் எல்லாவற்றுக்கும் விலையைக் குறைத்துக் கேட்பான், நல்ல சரக்கு வைத்திருப்பவன் சந்தையை விட்டே போய்விடுவான் என்பது அதன் சாரம். (2001ல் நோபல் பரிசு பெற்றார்.) பழைய கிடார் சந்தைக்கு இதை அப்படியே பொருத்தலாம். ஃபெண்டர் நேர்மையாகத்தான் விற்றது. ரெலிக்குகளின் வரிசை எண் 'ஆர்' என்ற எழுத்தில் தொடங்கும். ஆனால் ஸ்ட்ராட்டில் அந்த எண் இருப்பது கழுத்தைப் பிடித்திருக்கும் தகட்டில். நான்கு திருகாணி கழற்றினால் தகடு கையோடு வந்துவிடும். பழைய தகடு ஒன்றை மாட்டினால்? ஒரு கிடார் நாலாவது கைக்கு மாறும்போது, முதல் கையில் சொன்ன உண்மை கூடவே போகும் என்று என்ன நிச்சயம்? பழசாக்கும் கலை வளர வளர, புற ஊதா விளக்கடியில் பார்ப்பது, சாலிடர் இணைப்புகளை ஆராய்வது, கழுத்தடியில் உள்ள பென்சில் தேதியைச் சரிபார்ப்பது என்று சோதிக்கும் கலையும் வளர வேண்டி வந்தது. வீட்டில் அப்பா விட்டுப்போன அசல் கிடாரை விற்க வருகிறவரையும் இன்று முதலில் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்கள். ரெலிக்கின் உண்மையான செலவை யாரோ ஒருவர் இப்படிக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

அதற்காக வாங்குகிறவர்களை எல்லாம் கேலி செய்வதும் நியாயமில்லை. மெல்லிய நைட்ரோ பூச்சால் ஒலி மாறுகிறது என்ற வாதம் பலவீனமானது. காந்த பிக்கப் கேட்பது கம்பியின் அசைவை, பெயிண்டை அல்ல. ஆனால் தேய்ந்த கழுத்து கையில் ஒட்டாமல் வழுக்கும், அது நிஜம். முதல் கீறல் விழுந்துவிடுமோ என்ற பயமில்லாமல் மேடைக்கு எடுத்துப் போகலாம், அதுவும் நிஜம். 2009ல் ஃபெண்டர் மெக்சிகோ தொழிற்சாலையில் 'ரோட் வோர்ன்' என்று குறைந்த விலையில் இதையே கொண்டுவந்தபோது வாங்கியவர்களில் நிறையப் பேர் சாதாரண வாசிப்பாளர்கள். கிப்சனும் 2021ல் 'மர்ஃபி லேப்' கிடார்களை நான்கு அளவு முதுமையில் இறக்கியது. அடிபட்ட அளவு கூடக் கூட விலையும் கூடும்.

இத்தனைக்கும் மூலப்பிரதி மாதிரி இருப்பது அயர்லாந்தின் ரோரி காலகரின் 1961 ஸ்ட்ராட். அதற்கும் அந்தச் சிவப்புப் பைத்தியத்துக்கும் தொடர்பு உண்டு. ராயல் ஷோபேண்ட் குழுவின் கிடாரிஸ்ட் சிவப்பு கேட்டு ஆர்டர் செய்ய, வந்தது சன்பர்ஸ்ட் நிறம். சிவப்பு வந்ததும் அவர் இதைக் கொடுத்துவிட்டார். 1963ல் கார்க் நகரில் க்ரௌலி கடையில் 100 பவுன் சொல்லி வைத்திருந்ததைக் கடனுக்கு வாங்கிய காலகருக்கு அப்போது வயது 15. பிறகு டப்ளினில் அது திருடு போய், மழையில் கிடந்து திரும்பி வந்தது. அவர் வியர்வை வழிய வழிய வாசிப்பார். உப்பும் ஈரமும் சேர்ந்து பெயிண்டைத் தின்றன. சில வருடங்களில் சன்பர்ஸ்ட் அங்கங்கே திட்டுத் திட்டாகத்தான் மிஞ்சியது. மறுபூச்சு அடிக்கவில்லை, வேறு கிடாருக்கு மாறிவிடவும் இல்லை. 1995 ஜூனில், ரெலிக் கண்காட்சிக்கு வந்த அதே வருடம், 47 வயதில் இறந்தார். பிறகு ஃபெண்டர் கஸ்டம் ஷாப் அந்த கிடாரை அளந்து, எங்கே எவ்வளவு பெயிண்ட் உரிந்திருக்கிறது என்று பார்த்துப் பார்த்து நகல் செய்து விற்றது.

அசல் கிடார் 2024 அக்டோபரில் லண்டன் பான்ஹாம்ஸ் ஏலத்துக்கு வந்தது. கட்டணங்கள் சேர்த்து 8,89,400 பவுனுக்குப் போனது. வாங்கிய லைவ் நேஷன் கெயிட்டி நிறுவனம் அதை வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. அயர்லாந்து தேசிய அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டது.